குண்டூசியின் பதில்கள்

ஜூன் 24

அன்புள்ள அக்கா,

வந்து சேர்ந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. நீ பேருந்து நிலையத்துக்கு வரமாட்டாய் என்று தெரிந்தும் வண்டி கிளம்பும்வரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அத்தான் மட்டும் வந்து பெட்டியை ஏற்றிவிட்டு, "உங்கக்காவுக்கு இன்னிக்கு மருந்துக்கடையில சரக்கு சரிபார்க்கிற நாளாம்" என்றார். பாவம், பொய் சொல்லத் தெரியாத மனுஷர். சொல்லும்போதே காதைச் சொறிந்துகொண்டார்.

உன் முதலாளியிடம் கெஞ்சி எனக்காக வாங்கிய கல்லா வேலையை வேண்டாம் என்று சொன்னது உனக்கு எவ்வளவு அவமானம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நீயும் யோசித்துப் பார். இரண்டு முறை இந்தப் பயிற்சிக் கல்லூரியின் நேர்முகத்தில் என்னைக் கழித்துவிட்டார்கள். இந்த வருஷம் காத்திருப்போர் பட்டியலின் கடைசியில் இருந்தேன். மேலே இருந்த யாரோ ஒரு புண்ணியவதி வரவில்லை, எனக்கு இடம் கிடைத்தது. அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். இதை விட்டால் நான் டீச்சர் ஆகவே முடியாது, அக்கா. அதற்காகத்தான் அப்படிக் கத்தினேன்.

கடிதமாகவே எழுதிக்கொள்வோம். விடுதியில் இருக்கும் ஒரே தொலைபேசி வார்டன் மேசைமேல். யார் பேசினாலும் ஒட்டுக்கேட்டுவிட்டு, முடித்ததும் அவரே, "உங்கக்காவுக்கு உடம்பு இப்ப தேவலையா?" என்று விசாரிக்கிறார்.

அறையில் என்னோடு ஒரு நெட்டைப் பெண். நல்லவள், வாய்தான் ஓயாது. வகுப்புகளில் ஒன்று மட்டும்தான் பயம். அதன் பெயர் மாதிரி வகுப்பு. நாங்கள் பொய் வகுப்பு என்கிறோம். எங்களில் ஒருத்தி டீச்சராக நிற்க, மற்ற எல்லாரும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளாக நடிக்க வேண்டும். கற்பித்தல் முறை சொல்லிக்கொடுக்கும் மேடம் கடைசி பெஞ்சில் மேசைமணியோடு உட்கார்ந்திருப்பார். நேரம் முடிந்தால் ஒரு தட்டு. அதனால் அவர் பெயர் மணி மேடம். நேற்று என் முறை. கரும்பலகையில் தலைப்பை எழுதினேன். எழுதிவிட்டுத் திரும்ப முடியவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே பேசினேன். மணி மேடம், "பலகைக்குப் பாடம் புரிஞ்சிருச்சு. இனி இந்தப் பக்கம் திரும்பலாமா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

முதல் பருவ முடிவில் தேறாதவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். நம் செல்லக் குண்டூசியிடம், சித்தி நன்றாக இருக்கிறாள் என்று சொல்லு.

உன் தங்கை

ஜூலை 5

அடியே,

எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. கோபம் இருந்தால் நீ விட்டுப்போன துணிகளைத் துவைத்து மடித்து வைத்திருப்பேனா? வேலை இருந்தது, எழுதவில்லை. முதலாளி மட்டும், "உன் தங்கச்சிக்கு என் கடை சின்னதாப் போச்சு" என்று ஒரு வாரம் குத்திக்காட்டினார். இப்போது அந்தக் கல்லாவில் வேறு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அதற்குமேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

பலகையைப் பார்த்துப் பேசினாயாமே. வீட்டில் என்னோடு சண்டை போடும்போது நேருக்கு நேர் பார்த்துத்தானே போட்டாய்? அந்த வாய் அங்கே போனதும் எங்கே போயிற்று?

உன் குண்டூசி உன்னைத் தேடுகிறாள். "சித்தி எப்ப டீச்சராகி எங்க கிளாசுக்கு வருவாங்க?" என்று கேட்கிறாள். அவளுடைய வகுப்பு டீச்சரிடம் இந்த வாரமும் திட்டு. பின்னம் நடத்தினார்களாம். அரை, கால், முக்கால் எல்லாம் பலகையில் வரைந்துவிட்டு, "நாலு கால் சேர்ந்தா என்ன?" என்று கேட்டிருக்கிறார். இவள் முந்திரிக்கொட்டை மாதிரி எழுந்து, "நாற்காலி" என்றிருக்கிறாள். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். டீச்சர் காதைத் திருகி வெளியே நிறுத்திவிட்டார். வீட்டுக்கு வந்து, "தப்பாம்மா? நாலு கால் இருந்தா நாற்காலிதானே?" என்கிறாள். நான் என்ன சொல்வது? உன் அத்தான், "எம்பொண்ணு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு பஸ் எடுக்கப் போய்விட்டார். அவருக்கென்ன!

சாப்பிடு. இளைத்துப்போய் வந்தால் கதவைத் திறக்க மாட்டேன்.

அக்கா

ஜூலை 17

அன்புள்ள அக்கா,

இதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள். உன் மகள் என்னைக் காப்பாற்றிவிட்டாள்.

நேற்று என் அறைத்தோழி பொய் வகுப்பு எடுத்தாள். பின்னம்தான். நான் மூன்றாம் வகுப்புப் பிள்ளையாக உட்கார்ந்திருந்தேன். அவள், "நாலு கால் சேர்ந்தா என்ன?" என்று கேட்டதும் என்னை அறியாமல் கையைத் தூக்கி, குண்டூசி மாதிரியே பாதி எழுந்து நின்று, "நாற்காலி, டீச்சர்!" என்றேன். அக்கா, அந்தக் கூடமே அதிர்ந்தது. சிரிக்கவே சிரிக்காத மணி மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் எழுந்து வந்து, "பார்த்தீங்களா, பிள்ளைங்க இப்படித்தான் பதில் சொல்லும். இதுக்குத் தயாரா இருக்கணும்" என்று அரை மணி நேரம் அதை வைத்தே பேசினார். இங்கே வந்த நாளிலிருந்து யாரும் என் பக்கம் திரும்பிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இப்போது யார் பாடம் எடுத்தாலும் நான் பிள்ளையாக இருக்க வேண்டும் என்கிறார்கள். "அந்தப் பொண்ணுக்கு என்ன பேரு?" என்று ஒருத்தி கேட்டாள். யோசிக்காமல், "குண்டூசி" என்றுவிட்டேன். "எங்கேருந்து பிடிச்சே?" என்று மேடம் கேட்டார். நானாக யோசித்தேன் என்றேன். நீ கோபித்துக்கொள்ளாதே. நம் வீட்டுக் கதையை ஊர் முழுக்க எதற்குப் பரப்புவது என்றுதான். இன்னொன்றும் உண்டு, உன்னிடம் மறைப்பானேன்: இங்கே நான் சொந்தமாக எதையாவது செய்தேன் என்று அவர்கள் நினைப்பது எனக்குப் பிடித்திருந்தது.

இன்னும் இருந்தால் எழுது அக்கா. அவள் என்ன உளறினாலும் எழுது.

உன் தங்கை

ஆகஸ்ட் 3

அடி கள்ளி,

என் பெண் சொன்னதை நீ சொன்னதாகவா சொன்னாய்? சரி, போகட்டும். உறவுக்குள் திருட்டு ஏது?

உளறல் வேண்டுமாம் இவளுக்கு! எழுதிக்கொள். "பஸ்ஸில் இருபது பேர் இருந்தார்கள், ஐந்து பேர் இறங்கினார்கள், மீதி எத்தனை பேர்?" என்று வீட்டுப்பாடம். பதினேழு என்று எழுதியிருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். "டிரைவரும் கண்டக்டரும் எங்கே போவாங்க? அப்பாவைச் சேர்க்கவே இல்லையேம்மா புஸ்தகத்துல" என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. உன் அத்தான் அன்றைக்கு அவளைத் தோளிலேயே வைத்திருந்தார்.

பன்மை எழுதச் சொன்னார்கள். பல் என்றால் பற்கள், கண் என்றால் கண்கள். மூக்குக்கு மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாள். "ஒண்ணுதானே இருக்கு?" தூக்கத்துக்கு எதிர்ச்சொல் கேட்டதற்கு, "அம்மா" என்று எழுதியிருக்கிறாள். என்னைப் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

வகுப்பு டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "உங்க பொண்ணுக்கு மூளை இருக்கு, ஆனா வாய் அதுக்கு முன்னாடி ஓடுது. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லப் பழக்குங்க" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அவளைத் திட்டலாம் என்றுதான் இருந்தேன். உன் கடிதம் நினைவுக்கு வந்தது. இங்கே காதைத் திருகுகிறார்கள், அங்கே பெரிய படிப்புப் படித்தவர்கள் இவள் பதிலை வைத்துப் பாடம் நடத்துகிறார்கள். எது பெரிது? அவளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "சித்தி காலேஜ்ல என் பதிலுக்கு எத்தனை மார்க் போட்டாங்க?" என்று கேட்டாள். முழு மார்க் என்றேன். சரிதானே?

ஒல்லி உடம்பும் பெரிய தலையுமாக அவள் பிறந்தபோது உன் அத்தான் வைத்த செல்லப் பெயர் அது. வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. இப்போது ஒரு காலேஜுக்கே தெரியும் என்றால் சிரிப்பாக இருக்கிறது. பெருமையாகவும்தான் இருக்கிறது, போ.

அக்கா

செப்டம்பர் 28

அன்புள்ள அக்கா,

முடிவு வந்துவிட்டது. நான் தங்கிவிட்டேன்! எங்கள் பிரிவில் சிலரை அனுப்பிவிட்டார்கள். என்னைவிடக் கணீரென்று பேசுகிற ஒருத்தி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். நான் பாடம் எடுத்ததற்கு மிகக் குறைந்த மதிப்பெண்தான். ஆனால் மணி மேடம் என் பெயருக்கு நேரே, "குழந்தை மனம் அறிந்தவர், வைத்துக்கொள்ளலாம்" என்று எழுதினாராம். அறைத்தோழி அலுவலகத்தில் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அந்த ஒரு வரியில்தான் நான் இங்கே நிற்கிறேன். நீ எழுதிய ஒவ்வொன்றும் எனக்குப் படிக்கட்டு.

இங்கே குண்டூசி இப்போது என்னைவிடப் பெரிய ஆள். பொய் வகுப்பில் யார் தப்பாகப் பதில் சொன்னாலும் அந்தப் பெயர்தான். மூத்த வருஷத்தார்கூட, "எனக்குக் கொடுத்த வகுப்புல நாலு குண்டூசி" என்று பேசிக்கொள்கிறார்கள். அது ஒரு சொல்லாகவே ஆகிவிட்டது. மேடம் அதற்கு ஒரு விளக்கமும் சொன்னார். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன், ஒன்றும் பெரிதாக இல்லை.

அடுத்த மாதம் எங்களைப் பள்ளிக்கூடங்களுக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். சொந்த ஊருக்குப் போகக் கூடாது என்பது விதி. எனக்கு வேறெங்கோ போட்டிருக்கிறார்கள். அறைத்தோழிக்கு நம் ஊர், அதுவும் குண்டூசி படிக்கிற பள்ளிக்கூடம்! அவளிடம் உனக்கு ஒரு சால்வையும் குண்டூசிக்கு வண்ணப் பென்சில் பெட்டியும் கொடுத்து அனுப்புகிறேன். ஒரு வேளை சாப்பாடு போட்டு அனுப்பு, விடுதிச் சாப்பாட்டில் நொந்துபோயிருக்கிறாள்.

உன் தங்கை

அக்டோபர் 19

தங்கைக்கு,

உன் அறைத்தோழி வந்தாள். சால்வையும் பென்சிலும் வந்து சேர்ந்தன. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். நடுவில் நிறுத்தாமல் படி.

பயிற்சி டீச்சர்கள் பள்ளிக்கு வந்த முதல் வாரம். குண்டூசி ஓடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மா, புது டீச்சருக்கு என் பேரு தெரியும்மா! அட்டெண்டென்ஸ் பேரு இல்ல, வீட்டுப் பேரு! சித்தி சொல்லியிருக்காங்க!" என்று குதித்தாள். என்ன நடந்தது என்று கேட்டேன். வகுப்பில் ஒரு பையன் ஏதோ தப்பாகச் சொல்லியிருக்கிறான். உன் அறைத்தோழிதான் அங்கே டீச்சர், "டேய், குண்டூசி மாதிரி பேசாதே" என்றிருக்கிறாள். இவள் உடனே எழுந்து நின்று, "டீச்சர், நான்தான் குண்டூசி" என்றிருக்கிறாள். வகுப்பே சிரித்திருக்கிறது. அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டு, "சரி குண்டூசி, உட்காரு" என்றாளாம். என் மகளுக்கு அது பரிசு கிடைத்த மாதிரி. நானும் ஒரு மடைச்சி, கூடச் சேர்ந்து சிரித்தேன்.

இரண்டு நாள் கழித்து அவள் பையை மூலையில் வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்தாள். காய்ச்சலோ என்று தொட்டுப் பார்த்தேன். இல்லை. "அம்மா, குண்டூசின்னா தலை பெரிசு, உள்ள ஒண்ணும் இல்லைன்னு அர்த்தமாமே?" என்றாள். யார் சொன்னது என்று கேட்டேன். ஒரு பிள்ளை அந்தப் பெண்ணிடமே அர்த்தம் கேட்டிருக்கிறான். "அது எங்க காலேஜ்ல சொல்றது" என்று அவள் விளக்கியிருக்கிறாள். அப்புறம் வகுப்பில் எல்லாரும் இவளை அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். வகுப்பு டீச்சருக்கும் அது பிடித்துப்போயிற்று. "குண்டூசி, நீ கையைத் தூக்காதே" என்கிறாராம்.

சனிக்கிழமை உன் அறைத்தோழி வீட்டுக்கு வந்தாள். நீ சொன்ன மாதிரி சாப்பாடு தயாராக இருந்தது. வாய் நிறைய, "உங்க தங்கச்சி இல்லன்னா எங்க கிளாசே தூங்கிடும்கா" என்று பேசினாள். நான் வழக்கம்போல உள்ளே பார்த்து, "குண்டூசி, யார் வந்திருக்காங்க பாரு" என்று கூப்பிட்டுவிட்டேன். என் வாயில் பழகிய பெயர் அதுதானே. அவள் கதவுக்குப் பின்னால் நின்றாள், வெளியே வரவில்லை. அந்தப் பெண்ணின் கையில் பென்சில் பெட்டி அப்படியே நின்றது. "அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாது. அவ கற்பனைன்னு சொன்னா. துடுக்கான பொண்ணு, விளையாடுதுன்னுதான் நினைச்சேன்" என்றாள். சாப்பிடாமலே போய்விட்டாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மேடம் சொன்ன விளக்கத்தை இன்னொரு நாள் எழுதுகிறேன் என்றாயே. அது இதுதானா? அதை அவர் சொன்னபோது நீ அங்கே இருந்தாயா? இருந்தாய் என்றால், என்ன செய்தாய்?

அக்கா

நவம்பர் 2

அக்கா,

எத்தனை முறை எழுதிக் கிழித்தேன் என்று கேட்காதே.

ஆமாம், அதுதான். நான் அங்கேதான் இருந்தேன். சிரித்தேன். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், நான்தானே அதைக் கொண்டு வந்தவள், சிரிக்காமல் எப்படி இருப்பது? அது யார் பெயர் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சிரித்தேன். அது நம் குண்டூசி இல்லை, இங்கே நான் உண்டாக்கிய வேறு ஒரு பிள்ளை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊர் விட்டு ஊர் வந்தால் ஒரு பெயர் திரும்பி வீட்டுக்கு வராது என்று நினைத்தேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் வகுப்பில் எழுந்து நின்றேன். பாடம் எடுக்கும்போது வராத குரல் அன்றைக்கு வந்தது. "குண்டூசி எங்க அக்கா மகள். நான் யோசிச்சது எதுவுமே இல்ல, எல்லாம் அவ சொன்னது. இனிமே அந்தப் பேரைச் சொல்லாதீங்க" என்றேன். மணி மேடம் நல்லவர்தான். "அப்படியா? கெட்டிக்காரப் பொண்ணுதான் போல. சரி, இனிமே யாரும் சொல்லாதீங்க" என்றார். அடுத்த பொய் வகுப்பில் ஒருத்தி வேண்டுமென்றே தப்பாகப் பதில் சொன்னாள். யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்துவிட்டு மூக்கால் சிரித்தார்கள். இப்போது நான் உள்ளே நுழைந்தால் மட்டும், "உஷ்" என்கிறார்கள். நான் இல்லாத இடத்தில் முன்னைவிட அதிகமாக ஓடுகிறது. மூத்த வருஷத்தாரிடம் போய்க் கேட்டேன். "அட, அது ஒரு பேச்சுக்குத்தானேம்மா" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். படிப்பு முடிந்து ஊர் ஊராக வேலைக்குப் போகும்போது அதையும் கையோடு எடுத்துக்கொண்டுதான் போவார்கள். நான் யார் யாரிடம் போய்க் கேட்பேன்?

அறைத்தோழி அங்கிருந்து திரும்பி வந்ததிலிருந்து என்னோடு பேசுவதில்லை. "என்னை ஒரு குழந்தை முன்னாடி பாவியாக்கிட்டியேடி" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள்.

எனக்கு இந்தப் படிப்பு வேண்டாம் அக்கா. விலகல் கடிதம் எழுதி வைத்துவிட்டேன். வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானே சொல்லிக்கொடுக்கிறேன். கல்லாவில் இடம் இல்லை என்றால் கடையைப் பெருக்கவாவது உன் முதலாளி விடுவாரா என்று கேள்.

உன் தங்கை

நவம்பர் 11

தங்கைக்கு,

விலகாதே.

உன்மேல் உள்ள பாசத்தில் சொல்வதாக நினைத்துக்கொள்ளாதே. இப்போது அந்தப் பாசம் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. விலகி வந்து நடு வீட்டில் உட்கார்ந்தால், "சித்தி என்னாலதான் படிப்பை விட்டாங்க" என்று அவள் நினைப்பாள். அந்தப் பாரத்தையும் அவள் தலையில்தான் வைக்கப் போகிறாயா? ஏற்கெனவே பெரிய தலை என்று ஊரே சொல்கிறது.

பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறேன் என்கிறாய். என்ன சொல்லிக்கொடுப்பாய்? அவளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள், அவ்வளவுதான். சாப்பிடும்போது ஆயிரம் கேள்வி கேட்பவள் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டுப் போகிறாள். உன் அத்தான் அவளைச் சிரிக்க வைக்க, "பஸ்ஸுல இருபது பேரு, அஞ்சு பேரு இறங்கிட்டாங்க, எத்தனைம்மா?" என்று கேட்டார். "பதினைஞ்சு" என்றாள். "அப்ப அப்பா எங்கடி?" என்றார் அவர். அவள் புத்தகத்தைத் திறந்துகொண்டாள். அந்த மனுஷர் முகத்தைக் கழுவப் போகிறேன் என்று எழுந்து போனார்.

வீட்டில் இப்போது அவளைப் பள்ளிப் பெயரால்தான் கூப்பிடுகிறோம். யாரோ விருந்தாளி வீட்டில் இருக்கிற மாதிரி இருக்கிறது.

பள்ளிக்குப் போய்ச் சண்டை போட்டேன். வகுப்பு டீச்சர், "நாங்களா வச்சோம்? உங்க வீட்டுப் பேரு, உங்க தங்கச்சி காலேஜ்லேருந்து வந்தது" என்றார். அவர் சொன்னதில் என்ன தப்பு?

படித்து முடி. அவளைப் பற்றி விசாரித்து எழுதாதே. எழுத வேண்டும் என்று தோன்றும்போது நான் எழுதுகிறேன்.

அக்கா

மார்ச் 8

அக்கா,

நீ எழுதவே இல்லை. பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அவளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

நீ சொன்னபடி விலகவில்லை. விலகல் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பொய் வகுப்பில் பிள்ளையாக நடிப்பதை விட்டுவிட்டேன். யாரும் கூப்பிடுவதும் இல்லை. பாடம் எடுக்க மட்டும் ராப்பகலாகப் பழகினேன். போன வாரம் ஒரு பள்ளியில் வருஷக் கடைசிப் பயிற்சித் தேர்வு. நிஜப் பிள்ளைகள், நிஜ வகுப்பு. மணி மேடமும் வெளியிலிருந்து வந்த ஒரு தேர்வாளரும் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

நேரம் பற்றிய பாடம். "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?" என்று கேட்டேன். ஜன்னல் ஓரத்தில் ஒரு சின்னப் பெண் எழுந்து, "ஞாயித்துக்கிழமைக்கா டீச்சர், மத்த நாளைக்கா?" என்றாள்.

அக்கா, அந்த நொடியில் எனக்கு எல்லாம் தெரிந்தது. ஏன் அப்படிக் கேட்கிறாய் என்று அவளிடம் கேட்டிருந்தால் அவள் எதைச் சொல்லியிருப்பாள் என்றுகூடத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை சீக்கிரம் முடிந்துவிடுகிறதே என்பாள். அதிலிருந்து எவ்வளவு அழகாக அந்தப் பாடத்தைத் தொடங்கியிருக்கலாம். ஆனால் என் பாடக்குறிப்பில் இன்னும் மூன்று பகுதி மீதி இருந்தது. தேர்வாளர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். மற்றப் பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கினார்கள். "இருபத்து நாலு. எங்கே, எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க" என்றேன். எல்லாரும் சொன்னார்கள். அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் கையைத் தூக்கவில்லை.

பாடம் மணிக்கு முன்னால் முடிந்தது. என் பிரிவிலேயே எனக்குத்தான் அதிக மதிப்பெண். மேடம் கையைப் பிடித்துக் குலுக்கி, "இப்பதான் நீ டீச்சர். வகுப்பு உன் கையில இருந்தது" என்றார். ஒரு தடவைகூட என் குரல் நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

காத்திருப்போர் பட்டியலின் கடைசியில் நின்று இதற்காகத்தானா அழுதேன் என்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த வருஷமும் இங்கேதான் இருப்பேன், முடித்தும் விடுவேன். வேலையும் கிடைக்கும் என்கிறார்கள். புதிதாகச் சேர வரும் பிள்ளைகளுக்கு விடுதியைச் சுற்றிக்காட்டிய ஒருத்தி, "இங்க மக்குப் பிள்ளைங்களுக்குக் குண்டூசின்னு பேரு" என்று சொல்லிக்கொண்டு போனாள். அவளுக்கு என்னையும் தெரியாது, நம்மையும் தெரியாது. நான் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கினேன்.

ஒரு வரி எழுது அக்கா. திட்டியாவது எழுது.

உன் தங்கை

ஏப்ரல் 15

தங்கைக்கு,

திட்டுவதற்கு எனக்குத் தெம்பு இல்லை. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுத வைத்தது அவள்தான்.

ஆண்டுத் தேர்வு முடிந்தது. கணக்கில் அவள்தான் வகுப்பில் முதல். வகுப்பு டீச்சர் என்னைக் கடையிலேயே வந்து பார்த்து, "உங்க பொண்ணு எவ்வளவு மாறிட்டா பாருங்க. இப்ப கேட்டதுக்கு மட்டும்தான் பதில், அதுவும் டக்குனு" என்று சந்தோஷப்பட்டார். தலைவலி மாத்திரை வாங்க வந்தவர், மாத்திரையை மறந்துவிட்டு அவளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். நான் நன்றி சொன்னேன், வேறு என்ன சொல்ல?

நேற்று விடைத்தாளைக் கொண்டு வந்து காட்டினாள். எல்லாம் சரி. ஒரு கணக்கைக் காட்டி, "இது எப்படிடா வந்தது, அம்மாவுக்குச் சொல்லேன்" என்று கேட்டேன். பழைய மாதிரி ஏதாவது கதை சொல்வாளா என்று ஆசை. "அதெல்லாம் கேக்கக் கூடாதும்மா. வந்திருச்சுல்ல?" என்றாள். விடைத்தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

உன் அத்தான் உன்னை விடுமுறைக்கு வரச் சொல்லி எழுதச் சொன்னார். நான் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உன் துணிகள் இன்னும் அலமாரியில்தான் இருக்கின்றன.

இதை எழுத உட்கார்ந்தபோது அவள் வந்து மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சித்திக்கா எழுதுறே? அப்ப நான் சொல்றதையும் எழுது, ஒண்ணும் மாத்தாம எழுது" என்றாள். இத்தனை மாதத்தில் அவளாக உன்னைப் பற்றிப் பேசியது இதுதான் முதல் தடவை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சித்தி, நல்லா இருக்கீங்களா? நான் இந்தத் தடவை கணக்குல எல்லாமே சரியாப் போட்டுட்டேன். ஒண்ணுகூடத் தப்பில்ல, வேணும்னா டீச்சரைக் கேட்டுப் பாருங்க. நீங்க இதை உங்க காலேஜ்ல எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. இனிமே வேற யாரோட பேரையாவது வச்சுக்கச் சொல்லுங்க. என்கூடப் படிக்கிற பிள்ளைங்க பேரு வேண்டாம், பாவம். யாருக்கும் தெரியாத பேரா வச்சுக்கச் சொல்லுங்க."

சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்று நான் எழுதியதை எழுத்துக் கூட்டிப் படித்துச் சரிபார்த்தாள். தபால் போய்ச் சேர எத்தனை நாளாகும், உன் பதில் எப்போது வரும் என்று கேட்டாள். உன் கடிதம் வந்தால் இனி அவளேதான் பிரித்துப் படிப்பாளாம். அதனால் என்ன எழுதுவதானாலும் பார்த்து எழுது.

அக்கா